வினை இல்லாத வரி

தெகாஷ்
12 அக்டோபர் 1995

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

என் கண்ணு விதாத்துக்கு, உன் அத்தை மன்னூபியா ஸலாம் சொல்லி எழுதறது. அல்லாஹ் கிருபையால நான் நல்லா இருக்கேன், முட்டி மட்டும் என் பேச்சக் கேக்கறதில்ல. நீ எப்படி இருக்கே? மாப்பிள்ளை நூரிக்கு இருமல் நின்னுச்சா? கருஞ்சீரகத்தத் தேன்ல கொழச்சுக் குடுன்னு சொன்னேனே, குடுத்தியா, இல்ல படிச்சவங்க வீட்டுல அதெல்லாம் ஆகாதா? குட்டி மைஸாவுக்கு என் முத்தம்.

உங்க வாப்பாவோட காகிதம் எல்லாத்தயும் இன்னிக்குக் காலைல லாரில ஏத்திவிட்டாச்சு. பேரீச்சம்பழம் அடுக்கற மரப்பெட்டிதான் கிடைச்சுது. அதனால இலக்கணத்துல கொஞ்சம் பழ வாசனை வரும், உங்க ஆபீஸ்காரங்க கோவிச்சுக்கக் கூடாது.

"எதையும் கலைக்காதே அத்தை, வாப்பா வெச்ச வரிசையிலயே இருக்கணும்"னு நீ போன்ல கத்தினே பாரு, அது ஜீலானி கடை முழுக்கக் கேட்டுருச்சு. நான் போன வெச்சதும் அந்த ஆளு கேக்கறான், "என்ன லால்லா மன்னூபியா, எந்த வரிசை? சர்க்கரைக்கு வரிசையா? என்கிட்ட சொல்லவே இல்ல?" இதுக்குத்தான் எனக்கு அந்த போனே வேணாம்கறது. இனிமே கடுதாசிதான். தபால்கார ஹம்தாவுக்கு விலாசத்தத் தவிர வேற படிக்க வராது, அதுவும் ஒரு நிம்மதி.

சொன்ன மாதிரியே கலைக்கல. ஆனா கேளு, செருப்புக் கடை ரசீது ஒண்ணு, அதுக்கு அடியில பிஸ்மில்லாஹ் எழுதின தாளு! அல்லாஹ் பேரு மேல செருப்பு ரசீது! எடுத்து மேல வெச்சா நீ திட்டுவே, வெக்கலன்னா வானத்து மலக்குங்க திட்டுவாங்க. அதனால நடுவுல ஒரு சுத்தமான துணிய வெச்சுட்டேன். அந்தத் துணிய மட்டும் எடுத்துராதே தங்கம்.

அண்ணன் மவுத்தாகி மூணு மாசம் ஆச்சு, இன்னும் காலைல ரெண்டு டம்ளர்ல டீ ஊத்தறேன். அப்புறம் ரெண்டயும் நானே குடிக்கறேன். சர்க்கரை ஏறாம என்ன பண்ணும்?

உன்னயும் உன் வீட்டயும் ரப்பு பாத்துக்கட்டும்.

அத்தை மன்னூபியா

•

தூனிஸ்
5 நவம்பர் 1995

அன்பு அத்தைக்கு, விதாத்தின் ஸலாம். நாங்கள் மூவரும் நலம். நூரியின் இருமல் போய்விட்டது, கருஞ்சீரகமா மருந்தா என்று வீட்டில் இன்னும் வழக்கு நடக்கிறது. முட்டிக்கு என்ன தடவுகிறீர்கள்?

பெட்டிகள் பத்திரமாக வந்தன. எங்கள் காப்பகத்தில் அறிஞர்களின் காகிதங்களுக்கென்று ஒரு தனி மாடி உண்டு. அங்கே கணக்கு மேதைகளும் வைத்தியர்களும் இருக்கிறார்கள். எல்லோரும் தூசி வாசனையோடு வந்தவர்கள். பேரீச்ச வாசனையோடு வந்தவர் வாப்பா ஒருவர்தான். இயக்குநர் ஃபாதில் முதல் பெட்டியைத் திறந்து மூக்கை விட்டுவிட்டு, "பேராசிரியர் லமீன் பசியெடுக்க வைக்கிறார்" என்றார். துணி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஒருவர் எதை எதற்கு அடியில் வைத்தார் என்பதும் அவர் எழுதியதைப் போலத்தான் என்று எங்களுக்குக் கற்றுத்தருகிறார்கள். அதனால்தான் கலைக்காதே என்று கத்தினேன். ஜூன் மாதம் வாப்பாவின் காகிதங்களைப் பொதுப் பார்வைக்குத் திறக்கிறோம். அதற்கு முன் நான் முழு அட்டவணையை எழுதி முடிக்க வேண்டும். ஃபாதில் அதற்கு ஒரு முன்னுரை எழுதுகிறார்.

ஒரு குழப்பம். காகிதங்கள் 1993 வசந்தத்தோடு நின்றுவிடுகின்றன. அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கும் மேல் ஒரு தாளும் இல்லை. நாள் தவறாமல் எழுதியவர் அவர். மீதி எங்கே? வேறு அறையில் ஏதாவது கட்டு இருக்கிறதா?

பிறகு, ஒரு வேடிக்கை. உங்கள் கடிதத்தில் பிஸ்மில்லாஹ் மட்டும் கறுப்பு மையில் அழகாக இருக்கிறது, அதற்குக் கீழே எல்லாம் நீலப் பேனாவில் கோழி நடந்த மாதிரி. அல்லாஹ்வுக்கு ஒரு பேனா, எனக்கு ஒரு பேனாவா?

அன்புடன்
விதாத்

•

தெகாஷ்
30 நவம்பர் 1995

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

என் தங்கம் விதாத்துக்கு, அத்தையோட ஸலாமும் துஆவும். உடம்புக்கு ஒண்ணும் இல்ல. முட்டிக்கு ஆலிவ் எண்ணெயும் பூண்டும் தடவறேன், ஆடுகூட கிட்ட வர மாட்டேங்குது. நீ ஒழுங்கா சாப்புடறியா? கடுதாசி பாத்தாலே தெரியுது, பசியில எழுதினது.

இங்க ஈச்சங்கொலை வெட்டு நடக்குது. ஊரே தோட்டத்துலதான். பக்கத்து வீட்டு ரீம், எங்க கொலைதான் இந்த வருஷம் பெருசுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வர்றா. நேத்து அவ வீட்டுக்குப் போயி அவ பழத்துலயே நாலு தின்னுட்டு, "கொட்டைதான் பெருசு"ன்னு சொல்லிட்டு வந்தேன். அல்லாஹ் மன்னிப்பான்.

நீ காகிதத்தப் பத்திக் கேட்டே. உங்க வாப்பா எழுதினது ஒரு தாளக்கூட நான் எரிக்கல, கிழிக்கல, அடுப்புக்குப் போடல. அல்லாஹ் பேரு இருக்கற தாள எவளாவது அடுப்புல போடுவாளா? உனக்கு அனுப்பிக்கிட்டேதான் இருக்கேன். இதுல பொய் ஒண்ணும் இல்ல, நான் பொய் சொல்றவ இல்ல.

மைஸாவுக்குக் கம்பளி சொக்கா பின்னறேன். கை நீளம் எவ்வளவுன்னு எழுது. கறுப்பா, நீலமான்னு பேனாவப் பாத்துக்கிட்டு இருக்காம புள்ளயோட கையப் பாத்து அளந்து அனுப்பு.

ரப்பு உன் மனசக் குளுமையா வெக்கட்டும்.

அத்தை

•

தூனிஸ்
22 டிசம்பர் 1995

அன்பு அத்தைக்கு ஸலாம். நலம்தானே? இங்கே மழை. மைஸாவின் கை அளவு நூலில் முடிச்சுப் போட்டு உள்ளே வைத்திருக்கிறேன்.

"அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். பெட்டிகளுக்குப் பிறகு எனக்கு எதுவும் வரவில்லையே. லாரியில் ஏதாவது தவறிவிட்டதா?

ஃபாதில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். வாப்பா கடைசி வருடங்களில் மனம் கசந்து எழுதுவதையே நிறுத்திவிட்டார் என்று முன்னுரையில் எழுதப்போகிறார். ஏன் கசந்தது என்று என்னிடம் கேட்டார்.

அத்தை, எனக்குக் காரணம் தெரியும் என்று நினைக்கிறேன். அவர் இருந்தபோது நான் கடைசியாக வந்தது அந்த 1993 வசந்தத்தில்தான். வெளிநாடு போயிருந்த அவர் திரும்பி வரும்வரை காத்திராமல் நூரியைக் கட்டிக்கொண்டேனே, அதற்குப் பிறகு முதல் தடவை, இடுப்பில் மைஸாவோடு. அவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நான் கையை முத்தமிட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?" என்றார்.

அவ்வளவு மரியாதையாகக் கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "இனி நீ என் பெண் இல்லை" என்பதை இலக்கண வாத்தியார் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. மறுநாள் காலை வண்டி ஏறினேன். அப்புறம் அவர் இறந்தபோதுதான் வந்தேன், மைஸாவை இங்கே விட்டுவிட்டு.

அந்தத் தாள்களில் எங்காவது என்னைப் பற்றி ஒரு வரி இருக்கும். திட்டாக இருந்தாலும் பரவாயில்லை. மறைக்காதீர்கள்.

விதாத்

•

தெகாஷ்
26 பிப்ரவரி 1996

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர்

என் கண்ணு விதாத்துக்கு, ஸலாம். பெருநாள் எப்படிப் போச்சு? இங்க சுகம். ரெண்டு மாசமா எழுதலன்னு கோவம் இருக்கும். ரமலான் வந்துச்சு, நோம்பு வாயோட எதையாவது உளறக் கூடாதுன்னு பேனாவ மூடி வெச்சுட்டேன். சொக்கா கிடைச்சுதா? முடிச்சுப் போட்ட நூல்ல மைஸாவோட கை இவ்வளவு நீளமான்னு ரெண்டு தடவ பாத்தேன், மூணு வருஷமா நேர்ல பாக்காத கை.

உன் கடுதாசிய மூணு நாளு தலகாணிக்கு அடியில வெச்சிருந்தேன். இப்ப வேற ஒரு கதை சொல்றேன், கேளு.

நான் சின்னப் புள்ளயா, இந்த ஊரு பள்ளிக்கூடத்துல பலகைல எழுதிப் பழகற காலம். உங்க வாப்பா பெரிய படிப்புக்குப் போயிட்டு லீவுல வந்திருந்தாரு. என் பலகையப் பாத்துட்டு, "மன்னூபியா, பிஸ்மில்லாஹ்ல ஒரு குறை இருக்கு, கண்டுபுடி"ன்னாரு. நான் அழுதுட்டேன். "அல்லாஹ் பேருல குறையா, காஃபிரே!"ன்னு கத்திக்கிட்டு உம்மாகிட்ட ஓடினேன். உம்மா வெளக்குமாத்தோட வந்துச்சு.

அவரு சிரிச்சுக்கிட்டே ஓடறாரு, ஓடிக்கிட்டே சொல்றாரு: "உம்மா, அடிக்காதே, இலக்கணம்! அல்லாஹ்வின் பேரால், அப்படின்னு நின்னுடுது பாரு. என்ன பண்றோம்னு சொல்லவே இல்ல. வினை இல்ல! சாப்புடறவன் சொன்னா 'சாப்புடறேன்', பயணம் போறவன் சொன்னா 'போறேன்', எழுதறவன் சொன்னா 'எழுதறேன்'. வினைய நாமதான் போடணும்!" உம்மா சொல்லுச்சு, "அல்லாஹ்வின் பேரால் அடிக்கறேன்." வெச்சுது பாரு ஒண்ணு.

கதை அவ்வளவுதான். எதுக்கு இப்ப சொல்றேன்னு கேக்காதே.

அப்புறம், கடைசியில அவருக்குக் காது கேக்காமப் போச்சு, அது உனக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் தெரியும். கசப்பு அது இதுன்னு அந்த ஃபாதிலு எழுத வேணாம்னு சொல்லு.

அல்லாஹ் நம்ம வாயக் காப்பாத்தட்டும்.

அத்தை

•

தூனிஸ்
12 மார்ச் 1996

அத்தைக்கு ஸலாம். சொக்கா சரியாக இருக்கிறது, மைஸா கழற்ற மறுக்கிறாள்.

எனக்கு இப்போது கோபத்தைவிடக் கவலை அதிகம். உங்கள் கடிதத்தின் தலைப்பைப் பார்த்தேன். ரஹீம் இல்லை. நீங்கள் தூக்கத்தில்கூட விடாத வார்த்தை. எழுத்தும் நடுங்கியிருக்கிறது. தலை சுற்றுகிறதா? ஏதாவது மறந்துபோகிறதா? தவ்ஸரிலிருந்து ஒரு மருத்துவரை அனுப்புகிறேன், நூரியின் சிநேகிதர். அவரை விரட்டாதீர்கள்.

காது விஷயத்தை நான் நம்பவில்லை. அன்று நான் வாசலில் செருப்பைக் கழற்றிய சத்தத்துக்கே வாப்பா நிமிர்ந்து பார்த்தார்.

முன்னுரை மே மாதம் அச்சுக்குப் போகிறது. வேறு ஒன்றும் கிடைக்காவிட்டால் ஃபாதில் எழுதியபடியே போகும். "மனம் கசந்து பேனாவைக் கீழே வைத்தார்." அதைப் படிக்கும் எல்லோரும் ஏன் என்று கேட்பார்கள். எனக்கு மட்டும் பதில் தெரிந்திருக்கும். நான் அந்த மாடியில்தான் தினமும் வேலைக்குப் போக வேண்டும்.

விதாத்

•

தெகாஷ்
4 ஏப்ரல் 1996

பிஸ்மில்லாஹ்

விதாத்துக்கு, அத்தை ஸலாம். நல்லா இருக்கேன், கல்லு மாதிரி இருக்கேன், உன் டாக்டரு சாட்சி.

கசப்பா? யாருக்கு? எழுதறத நிறுத்தினாராமா? அந்த ஃபாதிலு இந்த வீட்டுல வந்து பாத்தானா? பாலைக்காத்து அடிச்ச நாள்ல, வீடெல்லாம் மணலு, மூச்சு வாங்க முடியல, அன்னிக்கும் உங்க வாப்பா மேசையில துண்டப் போட்டுத் தொடச்சுட்டு உக்காந்தாரு. ஒரு நாள் விட்டதில்ல. ஒரு நாள்! பேனாவ அவரு கீழ வெக்கல. அதப் போட விடாதே. உன் கையப் புடிச்சுக் கேக்கறேன், போட விடாதே.

உன் டாக்டரு வந்தாரு. சின்னப் பையன், மீசைய நேத்துதான் வாங்கின மாதிரி இருந்துச்சு. டீ குடுத்தேன். அவரு என் கண்ணுல லைட்டு அடிச்சாரு. அப்புறம் தொண்டையக் கனச்சுக்கிட்டு, "இன்னிக்கு என்ன கிழமைங்கம்மா?"ன்னாரு.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "செவ்வாக்கெழம. அடுத்து நீ வருஷம் கேப்பே. அப்புறம் ஜனாதிபதி யாருன்னு கேப்பே. அப்புறம் நூத்துல இருந்து ஏழு ஏழா கழிக்கச் சொல்லுவே. தொண்ணூத்தி மூணு, எம்பத்தாறு, எழுவத்தொம்போது. கடைசியில ஒரு கடிகாரம் வரையச் சொல்லுவே. காகிதத்தக் குடு, வரையறேன்"னேன்.

அவரு பேனாவ வெச்சுட்டு என்னயே பாத்தாரு. "இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"ன்னாரு.

"இன்னொரு டம்ளர் டீ குடிங்க"ன்னு சொல்லிட்டேன்.

என் புத்தி நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்துருக்காரு. கடுதாசியோட வெச்சிருக்கேன், உங்க காப்பகத்துல மாட்டி வை.

அல்லாஹ் நமக்குப் பொறும குடுக்கட்டும்.

அத்தை

•

தூனிஸ்
15 ஏப்ரல் 1996

அத்தை,

அந்தக் கேள்விகள் உங்களுக்கு ஏன் மனப்பாடம்?

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். பிறகு சமையலறை இழுப்பறையிலிருந்து உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்தேன். முதல் வரிகளை மட்டும் படித்தேன். அந்த வரியை யாரும் படிப்பதில்லை, இல்லையா? எல்லாக் கடிதத்திலும் இருப்பது, கண் தாண்டிப் போய்விடும். வேலையிடத்தில் வாப்பாவின் தாள்களில் அதே வரியைத் தினமும் பார்க்கிறேன், வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தில் தாண்டிப் போகிறேன். நீங்கள் இருவரும் ஒரே பள்ளியில் ஒரே பலகையில் எழுதப் பழகியவர்கள், அதனால் ஒன்றுபோல இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

பிஸ்மில்லாஹ்வில் வரும் அரபு சீன் எழுத்தை இவ்வளவு நீளமாக இழுத்து, முடிவில் பேனாவை லேசாகத் தூக்கும் கை ஒன்றுதான் உண்டு.

அத்தை, உங்கள் கடிதங்களின் முதல் வரியை எழுதியது யார்?

விதாத்

•

தெகாஷ்
6 மே 1996

பி

என் உசுரு விதாத்துக்கு, அத்தையோட ஸலாம், துஆ, கண்ணீரு எல்லாம். உடம்பு நல்லா இருக்கு. நீ உக்காந்து படி. நின்னுக்கிட்டுப் படிக்காதே.

மொதல்ல ஒண்ணு. குர்பானிப் பெருநாள் முடிஞ்சு, மறுநாளு பெரிய சட்டி நிறைய குஸ்குஸ் பண்ணி, என் பங்குக் கறியப் போட்டு, தர்கா வாசல்ல இருக்கற ஏழைங்க பத்து பேர உக்கார வெச்சு வயிறாரச் சாப்புட வெச்சேன். ரீம் வந்து எட்டிப் பாக்கறா, "என்ன மன்னூபியா, என்ன நேர்ச்ச?"ங்கறா. நேர்ச்ச இல்ல, சத்தியத்த முறிச்சதுக்குப் பரிகாரம். அவகிட்டயா சொல்லுவேன்? "உன் பழம் மாதிரி இல்லாம என் குஸ்குஸ் நல்லா இருக்கான்னு பாக்கத்தான்"னு சொல்லிட்டேன்.

சத்தியம் பண்ணிக் குடுத்திருந்தேன் புள்ள. தவ்ஸர் ஆஸ்பத்திரில அந்தக் கேள்வியெல்லாம் அண்ணன்கிட்டதான் கேட்டாங்க, அவரு கடிகாரம் வரைஞ்சாரு, எல்லா நம்பரும் ஒரே பக்கம். திரும்பி வரும்போது வண்டியிலயே குர்ஆன் மேல என் கைய வெச்சு அழுத்தினாரு. "மன்னூபியா, என் புத்தி போகுது. யாருக்கும் சொல்லாதே. விதாத்துக்கு மட்டும் சொல்லவே சொல்லாதே. அவ என்னைப் புத்தியோடவே நெனச்சுக்கட்டும்." நான் சொல்லல. காது கேக்கலன்னு ஊர நம்ப வெச்சேன். செவிட்டு மனுஷன் சம்பந்தமில்லாமப் பேசினா யாரும் கண்டுக்க மாட்டாங்க.

நீ வந்துட்டுப் போனது அதுக்கு அடுத்த மாசம். அவரு உன்னத் தள்ளி வெக்கலடி. உன்ன அவருக்குத் தெரியல. நெசமாவே கேட்டாரு.

நீ வண்டி ஏறிப் போன பின்னாடி என்ன சொன்னாருன்னு சொல்லவா? முந்தின ராத்திரி நீ சூப்பு வெச்சே, ஞாபகம் இருக்கா? மிச்சத்தக் குடிச்சுக்கிட்டே சொல்றாரு, "வந்துச்சே ஒரு பொண்ணு, எங்க போச்சு? நல்ல பொண்ணு. கைய முத்தம் வெச்சுது. சூப்புலதான் உப்பு இல்ல. யார் வீட்டுப் பொண்ணோ, அதோட வாப்பா குடுத்து வெச்சவன்."

நான் அடுப்படிக்குப் போய் வாயில துணிய வெச்சுக்கிட்டு அழுதேன். உன் பின்னாலயே ஓடி வந்து சொல்லியிருக்கணும். சத்தியம் என் காலக் கட்டிப் போட்ருச்சு.

அப்புறம் தினமும் காலைல டீ குடிச்சுட்டு மேசைக்குப் போவாரு. தாள எடுப்பாரு, பேனாவ மையில தொட்டு பிஸ்மில்லாஹ் எழுதுவாரு. அதோட நின்னுடும். மத்தியான லுஹர் பாங்கு வரைக்கும் அந்தத் தாளயே பாத்துக்கிட்டு இருப்பாரு. நான் போய், "என்ன அண்ணே எழுதறீங்க?"ன்னு கேட்டா, "வினை வரணும், மன்னூபியா. வரும்"பாரு. மறுநாளு புதுத் தாளு. போகப் போக ரஹீம் போச்சு. ரஹ்மான் போச்சு. ஆனா உக்கார்றது போகல.

அந்தத் தாளுங்க இங்க ஒரு கட்டு இருக்கு. ஒத்த வரி, கீழ எல்லாம் வெள்ளை. உங்க ஆபீசுக்கு அனுப்பினா நாலு பேரு பாத்துச் சிரிப்பான், நாப்பது வருஷம் பாடம் சொன்ன ஆளு இவ்வளவுதானான்னு. எரிக்கவும் முடியாது, அல்லாஹ் பேரு. கபர்ஸ்தான்ல புதைக்கலாம்னு துணியில சுத்திக்கூட வெச்சேன். அப்பத்தான் பெட்டி அனுப்பின கையோட உனக்குக் கடுதாசி எழுத உக்காந்தேன், வீட்டுல வேற தாளு இல்ல. அவரு தொடங்கி வெச்ச தாளு கண்ணுல பட்டுச்சு. வெறுமையா கிடந்துச்சு. வினையத்தானே அவருக்குப் போட வரல? நான் கீழ எழுதினேன்.

அப்புறம்தான் யோசன வந்துச்சு. சொல்லாதேன்னுதானே சத்தியம் வாங்கினாரு, அனுப்பாதேன்னு இல்லையே? மொதல்ல நல்லா எழுதினத அனுப்பினேன், அப்புறம் கொறஞ்சது, அப்புறம் இன்னும் கொறஞ்சது. எனக்கு எப்படிக் கொஞ்சம் கொஞ்சமா போனாரோ அப்படியே உனக்கும் போகட்டும்னு. ஒரேயடியா காட்டினா நீ தாங்க மாட்டே. எப்பவாவது நீ முதல் வரியப் படிப்பேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். பேனாவக் கேலி பண்ணினே பாரு, அன்னிக்கே நீ கண்டுபுடிச்சுட்டியோன்னு நெனச்சேன்.

இந்தக் கடுதாசில இருக்கறது அந்தக் கடைசி வாரத்துத் தாளு. இதுக்கு அப்புறமும் ரெண்டு இருக்கு. அதுல எழுத்துகூட இல்ல, முதல் எழுத்து பேக்குக் கீழ வெக்கற புள்ளி மட்டும். பேனாவ வெச்சாரு, எடுத்தாரு.

இப்ப நீ சொல்லு. நீ அவரு மகளும், அந்த மாடியில வேல பாக்கறவளும். ஊருக்குக் காட்டப் போறியா? அந்தக் கசப்பு வரிய விட்டுரப் போறியா? எனக்குச் சோறு இறங்கல, பதில் சீக்கிரம் எழுது.

உன்னப் படைச்சவன்கிட்ட உன்ன ஒப்படைக்கறேன்.

அத்தை மன்னூபியா

•

தூனிஸ்
19 மே 1996

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

என் அத்தை மன்னூபியாவுக்கு, விதாத்தின் ஸலாம். முதலில் சாப்பிடுங்கள். பிறகு மேலே படியுங்கள். நாங்கள் நலம். நூரிதான் உங்கள் கடிதத்தை எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார், சூப்பு வரிக்கு வந்ததும் அவராலும் முடியவில்லை. இந்த வீட்டில் என் சூப்பைக் குடிப்பவர் அவர்தான், உப்பு விஷயத்தில் வாப்பாவின் பக்கம் சேர்ந்துவிட்டார்.

நான் ஃபாதிலிடம் போனேன். "கசந்து என்பதை எடுங்கள்" என்றேன்.

"ஆதாரம்?" என்றார்.

"இருக்கிறது. குடும்பத்திடம் இருக்கிறது. குடும்பம் உயிரோடு இருக்கும்வரை குடும்பத்திடமே இருக்கும்."

"அப்படியென்றால் அந்த இரண்டு வருடத்துக்கு அட்டவணையில் என்ன போடுவாய்? வெற்றிடமா?"

"உண்மையைப் போடுவேன்."

போட்டுவிட்டேன். அவர் இரண்டு முறை படித்தார், தலையை ஆட்டினார், முன்னுரையில் அவருடைய வரியை அடித்துவிட்டு என்னுடையதை எடுத்துக்கொண்டார். ஒரே வரிதான், உங்களுக்காக இங்கே எழுதுகிறேன்: "1993 வசந்தம் முதல் இறக்கும்வரை, ஒவ்வொரு நாளும் எழுதத் தொடங்கினார்." இதில் பொய் உண்டா அத்தை? நானும் பொய் சொல்கிறவள் இல்லை.

உங்கள் கடிதங்கள் இழுப்பறையிலிருந்து வெளியே வந்துவிட்டன. நவம்பர் கடிதத்தின் பின்பக்கம் நான் கடைச் சாமான் எழுதியிருக்கிறேன்: வெங்காயம், சோப்பு, மைஸாவுக்குக் காலுறை. அழிக்கவில்லை. எதையும் கலைக்கக் கூடாது. வாப்பா, அவருக்குக் கீழே நீங்கள், பின்னால் என் வெங்காயம். அந்த வரிசையிலேயே இருக்கட்டும்.

கட்டை அனுப்ப வேண்டாம். புதைக்கவும் வேண்டாம். துணியை அவிழ்த்து மேசையில் வையுங்கள், தினமும் ஒன்று எடுங்கள். அல்லாஹ்வின் பேரால் என்று அவர் நிறுத்திய இடத்தில் ரீமைத் திட்டுங்கள், முட்டியைத் திட்டுங்கள், என்னைத் திட்டுங்கள். புள்ளி மட்டும் இருக்கும் அந்த இரண்டு தாள்களை மட்டும் தொடாமல் விடுங்கள். ஒன்று எனக்கு, ஒன்று மைஸா எழுதப் பழகிய பிறகு அவளுக்கு.

அவள் பள்ளி ஜூன் கடைசியில் மூடுகிறது. காலையில் இரண்டு டம்ளர் ஊற்றுங்கள், ஒன்றை நீங்களே குடித்துவிடாதீர்கள். சூப்பு நான் வைக்கிறேன், உப்பை நீங்கள் போடுங்கள்.

மேலே என் கையால் முதல் தடவையாக அந்த வரியை எழுதியிருக்கிறேன், பார்த்தீர்களா? உங்களிடமிருந்து பழகியது. என் வினையையும் நானே போட்டுவிட்டேன்.

வருகிறேன்.

விதாத்